வீக்கம் வடிந்த நாளில்

என் தம்பிக்கு ஐந்து வயதில் சுன்னத்துக் கல்யாணம் நடந்தது. தக்கலையை அடுத்த எங்கள் ஊரில் பந்தலிட்டு, நெய்ச்சோறு ஆக்கி, உற்றார் உறவினர் கூடியிருந்தனர். ஒஸா தம் வேலையை முடித்துச் சென்று வெகு நேரமாகியும் குருதி நிற்கவில்லை. விடியுமுன் வாடகைக் காரில் திருவனந்தபுரத்துக்கு விரைந்தோம். 'ஹீமோஃபிலியா' என்னும் சொல்லை அங்கேதான் முதன்முதலாகக் கேட்டோம். குருதியை உறையச் செய்யும் பொருளொன்று அவன் உடலில் குறைவு என்றார்கள். அதற்கு முன்பும் அவன் விழுந்தால் உடம்பு கன்றிப்போகும். கண்ணேறு என்றெண்ணி ஓதிப் பார்த்துக்கொண்டிருந்தோம். தாய்வழி வந்த குறை என்று டாக்டர் சொன்னதிலிருந்து, மவுத்தாகும் வரை உம்மா தம்மையே குற்றவாளியாக்கிக்கொண்டார்கள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்த மருத்துவ மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, ஒரு கிராமத்து ஆண்கள் சிறு காயத்திலும் குருதி வடிந்து மாண்டதைத் தம் நூலில் பதிந்துள்ளார். இதைப் பின்னாளில்தான் படித்தேன். உம்மாவிடம் சொல்லியிருந்தால் ஆறுதலடைந்திருப்பார்கள்.

ஊனமுற்றோருக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றவை ஏழு வகைக் குறைகளே. அவற்றுள் இந்நோய் இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை 21 ஆக்கியது. ஹீமோஃபிலியா, தலசீமியா, பார்கின்சன் ஆகியவையும் சேர்ந்தன. 2017 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தபோது வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் முக்கியச் சலுகைகளுக்கு 40 விழுக்காடு குறை இருப்பதாகச் சான்று வேண்டும். அதன் பிறகும் ஒரு முடிச்சு உண்டு: உயர்கல்வியின் 5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் குருதிநோயாளருக்கு இடமுண்டு, அரசுப் பணிக்கான 4 விழுக்காட்டில் இல்லை. படித்து முடித்த பிள்ளை எங்கே போவான் என்று எவரும் எண்ணவில்லை போலும்.

தம்பி தையல்காரன். காலால் மிதித்து மிதித்து முழங்கால் மூட்டினுள் குருதி கசிகிறது. மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் அரசு தருகிறதே, அதற்காகத்தான் சான்று கேட்டோம். மூட்டு வீங்கினால் கழிப்பறைக்கும் நான்தான் தூக்கிச் செல்ல வேண்டும். வீக்கம் வடிந்தால் ஜும்ஆவுக்குத் தானே நடந்து போவான். "நடக்கிறானே, இவனுக்கு எதற்குச் சான்று?" என்று கேட்ட ஜமாஅத்தாரும் உண்டு.

மருத்துவக் குழுவின் முன் நின்றது வீக்கம் வடிந்த நாளொன்றில். மடக்கச் சொன்னார்கள், நீட்டச் சொன்னார்கள், அளந்தார்கள். 40க்குக் குறைவாக எழுதினார்கள். கண்ட அளவைத்தானே எழுதுவார்கள்? அந்த டாக்டரிடம் எனக்குக் கோபமில்லை.

திரும்பும்போது பேருந்தில் தம்பி சிரித்தான். "காக்கா, வீங்குன அன்னைக்கு வர முடியாது. வர முடியுற அன்னைக்கு வீக்கம் இல்லே."

அன்றிரவே அவன் மனைவி ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதத் தொடங்கினாள். எந்தத் தேதியில் எந்த மூட்டு வீங்கியது, எத்தனை நாள் கடையைத் திறக்கவில்லை, எப்போது ஊசி போட்டது, யாவும் அதில் உள்ளன. மருத்துவமனைச் சீட்டுகளையும் ஒட்டி வைத்திருக்கிறாள். அடுத்த மாதம், இன்ஷா அல்லாஹ், மறுபடியும் விண்ணப்பிக்கப் போகிறோம். இம்முறை நோட்டையும் மேசைமீது வைப்பேன்.