விசா வேண்டாம்... ஆனால்?

பத்தாவது பெயிலான ஒரு பொம்மிடிப் பையன் மலேசியாவில் வேலை தேடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இப்ப விசாவே வேணாம் தம்பி, டிக்கெட் போட்டாப் போதும்" என்பார் ஏஜென்ட். பாதி உண்மை!

2023 டிசம்பர் 1 முதல் 2026 டிசம்பர் 31 வரை இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியா போய் 30 நாள் தங்கலாம். ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட், திரும்பி வர டிக்கெட், கைச்செலவுக்குப் பணம் வேண்டும். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையும் நிரப்ப வேண்டும். ஆனால் இதெல்லாம் சுற்றிப் பார்க்கத்தான்... வேலை பார்க்க அல்ல!

பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட்டில் பொதுவாக 'ஈ.சி.ஆர்.' என்ற முத்திரை இருக்கும். மலேசியா, சவுதி, குவைத் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர் வேலைக்குப் போவதென்றால், 1983-ம் ஆண்டுச் சட்டப்படி குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

படிக்காதவனுக்கு மட்டும் ஏன் இந்தத் தடை என்று கோபம் வரலாம். நியாயம்தான். ஆனால் சம்பளம் எழுதிய ஒப்பந்தமும், 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் அந்த அனுமதியோடுதான் வருகின்றன. காப்பீட்டுக்கு இரண்டு வருடத்துக்குக் கட்டுவது வெறும் 275 ரூபாய்!

சுற்றுலா என்று சொல்லிப் போய் வேலையில் சேர்ந்தவனுக்கு இது எதுவும் கிடையாது. சம்பளம் தராவிட்டாலும் புகார் கொடுக்க முடியாது. கொடுத்தால் முதலில் மாட்டுவது அவன்தானே?

பொம்மிடி ஸ்டேஷனில் வழியனுப்ப வரும் அம்மாவுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ரயில் ஏறுகிறவனுக்காவது தெரிய வேண்டாமா?