காயலான் கடைக்குப் போகும் நம் ஆவணங்கள்

பழைய கம்ப்யூட்டர் சேர்க்கிறேன் என்று சொன்னால் உடனே வரும் கேள்வி, "அதை வச்சு என்ன பண்ணப் போற?" என்பதுதான். தபால்தலை சேர்ப்பவரிடமோ பழங்காசு சேர்ப்பவரிடமோ யாரும் இப்படிக் கேட்பதில்லை. திருவேட்டக்குடியில் எங்கள் வீட்டுத் திண்ணையை ஒட்டிய சின்ன அறையில் இப்போது இரண்டு 486 பெட்டிகள், ஒரு பென்டியம் 3, பின்பக்கம் புடைத்த மானிட்டர் ஒன்று, டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், தட்டினால் தெருமுனை வரை சத்தம் கேட்கும் டிவிஎஸ் கோல்டு கீபோர்டு, ஒரு ஜிப் டிரைவ், ஒரு கூடை நிறைய பிளாப்பி டிரைவ்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை காயலான் கடையில் எடைபோட்டு வாங்கியவை. ஊரில் என்ஐடி வந்து பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது, இன்னும் இந்தத் தகரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாயே என்று அம்மா திட்டுவார். அவருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து இந்தப் பதில்.

உலகம் முழுக்கப் பழைய கம்ப்யூட்டர் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். 2014இல் நியூயார்க்கில் நடந்த ஓர் ஏலத்தில் ஆப்பிள்-1 கணினி ஒன்றை அமெரிக்காவின் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 9,05,000 டாலருக்கு வாங்கியது. அவ்வளவு பணம் இல்லாதவர்களும் சேர்க்கிறார்கள். காரணம் கேட்டால் பலரும் சொல்வது ஒன்றுதான்: சின்ன வயதில் வீட்டில் இருந்த பெட்டி, அப்பா வாங்கிக் கொடுத்தது, அதில்தான் முதல் விளையாட்டு விளையாடினேன். நல்ல காரணம்தான். ஆனால் என் தலைமுறையில் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருந்ததில்லை. எங்களில் பலர் கம்ப்யூட்டரை முதலில் பார்த்தது பள்ளியில் பூட்டிக் கிடந்த அறையின் ஜன்னல் வழியாக. இழந்துவிட்டதாக ஏங்குவதற்கு எங்களுக்கு அங்கே எதுவும் இல்லை. நான் சேர்ப்பதற்குக் காரணம் வேறு. பெட்டியை விட அதன் உள்ளே எழுதி வைக்கப்பட்டதுதான் எனக்கு வேண்டும்.

நம் வரலாறு எப்படிப் பிழைத்தது என்று யோசித்துப் பாருங்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். 1914இல் அவர் மறைந்தார். அதன்பின் பல பத்தாண்டுகள் பெரிய நூலகங்களோ பல்கலைக்கழகங்களோ அந்த எழுத்தைப் பொருட்படுத்தவில்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் இதழ்களைத் தேடிப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அதனால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வழியாக 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வெளிவர முடிந்தது. அம்பேத்கர் எழுத்துக்கும் காத்திருப்பு இருந்தது. அவர் மறைந்தது 1956இல். மகாராஷ்டிர அரசின் முதல் தொகுதி வெளிவந்தது 1979இல். நடுவில் காகிதத்தைக் கரையானிடமிருந்தும் மழையிலிருந்தும் காப்பாற்றியவர்கள் இல்லையென்றால் நமக்கு இன்று எதுவும் இல்லை.

ஆனால் அந்தக் காகிதத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. டிரங்குப் பெட்டியில் தொண்ணூறு வருடம் கிடந்தாலும், எடுத்துப் பிரித்தால் கண்ணாலேயே படிக்கலாம். 1999இல் எழுதிய பிளாப்பி அப்படி இல்லை. அதே 1999 பிப்ரவரியில்தான் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. டாம், டாப் எழுத்துருக் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் அங்கிருந்து வந்தன. அந்தக் காலத்தில்தான் நம் இயக்கங்களின் துண்டறிக்கை, மனு, உண்மை அறியும் குழு அறிக்கை, சிறுபத்திரிகை எல்லாம் கையெழுத்திலிருந்தும் ஈய அச்சிலிருந்தும் டிடிபிக்கு மாறின. அச்சான பிரதி தீர்ந்துபோயிருக்கும். மூலம் பிளாப்பியில் கிடக்கும்.

அந்த மூலத்துக்கு நான்கு பூட்டுகள். முதல் பூட்டு தட்டு. மூன்றரை அங்குல பிளாப்பியில் கொள்வது 1.44 மெகாபைட், இன்றைய செல்போன் புகைப்படம் ஒன்றுகூட அதில் அடங்காது. கடற்கரை ஈரத்தில் அதன் காந்தப் படலத்தில் பூஞ்சை பிடிக்கும். இரண்டாவது, அதைப் படிக்கும் டிரைவ். பிளாப்பி விற்பனையை சோனி 2011இல் ஜப்பானில் நிறுத்திவிட்டது. மூன்றரை அங்குலத்துக்கு யூஎஸ்பி டிரைவ் இன்னும் தேடினால் கிடைக்கும். ஐந்தேகால் அங்குலத்துக்குப் பழைய டிரைவேதான் வேண்டும். மூன்றாவது மென்பொருள். பேஜ்மேக்கரில் செய்த கோப்பை இப்போதைய இன்டிசைன் திறக்காது. சிஎஸ்6 வரைதான் திறக்கும். நான்காவது எழுத்துரு. பாமினியில் அடித்த மனுவை இன்றைய கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழே தெரியாது, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக நிற்கும். அந்த எழுத்துருவைப் போட்ட பிறகுதான் "ஐயா" என்று தொடங்கும். நான்கில் ஒன்று திறக்காவிட்டாலும் ஆவணம் இருந்தும் இல்லாததுதான். நான் சேர்க்கும் பெட்டிகள் இந்தப் பூட்டுகளுக்கான சாவிகள்.

சாவி எதற்குப் பயன்பட்டது என்று ஒன்று சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுவதும் நிவாரணக் கணக்கு எடுக்கப்பட்டது. படகும் வலையும் போனவர்களுக்குக் கணக்கில் இடம் இருந்தது. உப்புநீர் ஏறிய வயலில் கூலி வேலை போனவர்களுக்கும், மீன்கூடை தூக்கிப் பிழைத்தவர்களுக்கும் இடம் கிடைப்பது பெரும்பாடு. அந்தக் கூலிகளில் பெரும்பாலோர் நம் சனம். அப்போது எங்கள் பகுதி இளைஞர்கள் சிலர் சேரிசேரியாகப் போய்த் தாங்களே ஒரு கணக்கெடுத்தார்கள். வீட்டுத் தலைவர், பெரியவர்கள் பிறந்த ஊர், பழைய ரேஷன் அட்டை எண், யாரிடமாவது பிரெஞ்சுக் காலத்துப் பிறப்புப் பதிவின் நகல் இருந்தால் அதன் எண்ணும் வருடமும் என்று குறித்துக்கொண்டு, ஒரு டிடிபி கடையில் இரவெல்லாம் உட்கார்ந்து அடித்தார்கள். மனு போனது. பட்டியல் ஒன்பது பிளாப்பிகளில் ஒரு பிளாஸ்டிக் பையில் பரண் ஏறியது. அந்தக் குழுவில் இருந்த அண்ணன் ஒருவர் சில வருடங்களுக்கு முன் அதை என்னிடம் கொடுத்தார். "படிக்க முடிஞ்சா பாரும்மா, இல்லன்னா தூக்கிப் போட்டுடு" என்றார்.

இரண்டில் பூஞ்சை. ஏழைப் படிக்க முடிந்தது.

காரைக்காலில் பிறந்தவர்களுக்கு 5-3-1964 என்ற தேதியின் பொருள் தெரியும். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். புதுச்சேரிக்கான அட்டவணைச் சாதிகள் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை 1964 மார்ச் 5இல் வந்தது. அன்றைக்கு இந்த ஒன்றியப் பகுதியில் குடியிருந்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் பூர்வீகம்; மற்றவர்கள் குடிபெயர்ந்தவர்கள். இங்கே பூவம் தாண்டினால் பொறையாறு, தரங்கம்பாடி. அது தமிழ்நாடு. பெண் கொடுப்பதும் எடுப்பதும், நடவுக்கும் அறுப்புக்கும் போவதும் எல்லைக் கோட்டைப் பார்த்து நடந்ததில்லை. ஆனால் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போனால், உன் தாத்தா 1964இல் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருந்தார் என்று காட்ட வேண்டும். பட்டா இல்லாதவரிடம், பள்ளிக்கூடம் போகாதவரிடம், அறுபது வருடத்துக்கு முந்தைய காகிதம் கேட்கப்படுகிறது.

மகளைக் கல்லூரியில் சேர்க்க அலைந்துகொண்டிருந்த ஒரு அக்கா இந்தச் சிக்கலோடு என்னிடம் வந்தார். வீட்டுக்காரர் வழிக் காகிதம் எல்லாம் சுனாமித் தண்ணீரில் போய்விட்டது. பட்டியலில் தேடினோம். அவர் மாமனார் பெயருக்கு எதிரே பிறப்புப் பதிவின் வருடமும் எண்ணும் இருந்தன. அந்த எண்ணைக் குறிப்பிட்டு நகலுக்கு மனுப் போட்டார். நகல் வந்தது, சான்றிதழும் வந்தது. பிளாப்பியில் இருந்த பட்டியல் சட்டப்படி எந்தச் சான்றும் ஆகாது. ஆனால் சான்று எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்பதை அதுதான் சொன்னது. இரவெல்லாம் உட்கார்ந்து அடித்த அந்த இளைஞர்கள் அந்தக் கட்டத்தையும் விடாமல் நிரப்பியிருந்தார்கள். பதிமூன்று பதினான்கு வருடம் கழித்து ஒரு பிள்ளையின் படிப்பு அதில் நின்றது.

இந்தப் பட்டியலை ஏன் இணையத்தில் போடவில்லை என்று ஒரு தோழர் கேட்டார். பெயர், தெரு, சாதி, அட்டை எண் எல்லாம் உள்ள பட்டியல் அது. கலவரம் என்று வந்தால் எந்த வீடு யாருடையது என்று கைகாட்டும் காகிதமும் அதுவேதான். ஆகவே மூன்று பிரதி எடுத்து மூன்று இடத்தில் வைத்திருக்கிறோம்; கேட்டு வருபவருக்கு அவர் குடும்பத்து வரியை மட்டும் எடுத்துக் கொடுக்கிறோம். காயலான் கடையில் வாங்கும் ஹார்டு டிஸ்க்குகளில் முன்பின் தெரியாதவர்களின் ஜாதகமும் கல்யாண போட்டோவும் வங்கிக் கணக்கும் இருக்கும். அவற்றைப் பார்க்காமல் அழித்துவிடுகிறேன்.

இனி அந்தக் கடையைப் பற்றி. பெட்டிகள் சாவதும் அங்கேதான், எனக்குக் கிடைப்பதும் அங்கேதான். அங்கே உடைக்கிற வேலையைச் செய்வது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழைய மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. கழுத்துப் பகுதியில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிக்காக அதைச் சுத்தியலால் உடைக்கிறார்கள், ஈயத்தூள் பறக்கிறது. வயரைக் கொளுத்தினால் செம்பு மிஞ்சும், நச்சுப் புகை நெஞ்சுக்குள் போகும். தில்லி சீலம்பூரிலும் மொராதாபாத்திலும் பலகைகளை அமிலத்தில் முக்கித் தங்கம் எடுக்கிறார்கள். அந்தக் கைகள் ஏழை முஸ்லிம்களுடையவை, தலித்துகளுடையவை. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருந்தால் பாரம்பரியம், நம் பிள்ளைகள் கையில் வந்தால் விஷம். பொருள் ஒன்றேதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. மின்னணுக் கழிவுக்கான முதல் விதிகள் 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன, 2016இல் மாற்றினார்கள், 2022 விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. தயாரித்த நிறுவனமே கழிவுக்கும் பொறுப்பு என்கின்றன. உடைத்துப் பிரிக்கும் தொழிலாளர்களை அடையாளம் கண்டு பதிவு செய்வது மாநிலத் தொழிலாளர் துறையின் வேலை என்றும் எழுதியிருக்கிறது. நான் போகும் கடையில் வேலை செய்யும் தம்பிக்கு அப்படி ஒரு வரி இருப்பதே தெரியாது. நான் சொன்னபோது சிரித்தான். "நம்ம பேர எதுல அக்கா எழுதுவாங்க?" என்றான்.

அவனிடம் நான் கற்றுக்கொண்டது அதிகம். பலகையைக் கையில் தூக்கியதும் எந்தக் காலத்தது என்று சொல்லிவிடுவான். 386, 486 பலகைகளில் பீப்பாய் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், அது கசிந்து பலகையின் கோடுகளை அரித்துவிடும், முதலில் அதை வெட்டி எடு என்று காட்டியது அவன்தான். 2000க்குப் பிறகு வந்த பலகைகளில் கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தால் கரண்ட் கொடுக்காதே என்பான். உப்புக்காற்றில் கறுத்த மெமரி கார்டின் தங்க முனையைப் பென்சில் ரப்பரால் தேய்த்தால் உயிர் வரும். பதிலுக்கு நான் கையுறை வாங்கிக் கொடுத்தேன். மானிட்டரை உடைக்காமல் கொடுத்தால் உடைத்துக் கிடைப்பதை விடக் கூடுதலாகத் தருகிறேன் என்றேன். இப்போது பிளாப்பி, டேப், ஹார்டு டிஸ்க் எது வந்தாலும் தனிச் சாக்கில் போட்டு வைக்கிறான். அருங்காட்சியகத்தில் வடிவமைத்தவர் பெயர் இருக்கும், வாங்கிக் கொடுத்தவர் பெயர் இருக்கும். என் அறையில் இருக்கும் பெட்டிகளில் யார் எடுத்து வைத்தது என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். அவன் பெயர்தான் அதிகம்.

எதைச் சேர்க்க வேண்டும் என்பதிலும் நமக்கு வேறு கணக்கு உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. இன்றைக்கு அவை குவியலாகக் காயலான் கடைக்கு வருகின்றன. ஏலத்தில் அதற்கு விலை இல்லை. ஆனால் எத்தனையோ சேரி வீடுகளில் முதன்முதலில் நுழைந்த கம்ப்யூட்டர் அதுதான். அதில்தான் முதல் விண்ணப்பம் போனது, முதல் ஆய்வேடு எழுதப்பட்டது. ஒன்றை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் கணினி அருங்காட்சியகம் என்று ஒன்று வந்தால், அதற்கு இடம் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சங்கத்தில், கட்சிக் கிளையில், மூடிப்போன டிடிபி கடையில், இறந்துபோன பெரியவர் வீட்டுப் பரணில் பழைய தட்டுகள் கட்டாயம் இருக்கும். மூலையில் இருக்கும் சின்னப் பொத்தானை நகர்த்தி, துவாரம் தெரியும்படி வையுங்கள். அப்போது அதில் எதுவும் அழியாது. பூஞ்சை பிடித்ததைச் சுத்தம் செய்யாமல் டிரைவில் போடாதீர்கள், அடுத்த தட்டுக்கும் ஒட்டும். முதலில் முழுத் தட்டையும் அப்படியே பிரதி எடுங்கள், பிறகு பிரதியைத் திறந்து பாருங்கள். எந்த எழுத்துரு என்று அடித்தவரைக் கேட்டு உறையின் மேல் எழுதி வையுங்கள். அடித்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. பெட்டியை எடைக்குப் போட்டே ஆக வேண்டும் என்றால் போடுங்கள், யாருக்கும் வீட்டில் இடம் இல்லை. போடும் முன் உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். நாலு திருகாணிதான்.