நேற்று குடித்தனக்காரர், இன்று வீட்டுக்காரர்

மும்பை மாதுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் அவர் முப்பது வருஷத்துக்கும் மேலாகக் குடியிருக்கிறார். வாடகையைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். குடும்பத்தோடு ஒரு வேளை ஓட்டலில் சாப்பிட அது போதாது. மழைக்காலத்தில் கூரை ஒழுகும். "கருமி" என்று வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டே பாத்திரம் வைப்பார். போன வருஷம், பணி ஓய்வில் கிடைத்த பணத்தைப் போட்டு டோம்பிவிலியில் ஒரு ஃப்ளாட் வாங்கினார். வாடகைக்கு விடுவதாக உத்தேசம். சாவி கைக்கு வந்ததும் முதலில் தோன்றிய எண்ணம்: என்னைப் போல ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டால்?

பயத்துக்குக் காரணம் உண்டு. 1947ஆம் வருடத்து பம்பாய் வாடகைச் சட்டம், வாடகையை 1940 செப்டம்பர் நிலவரத்தோடு கட்டிப்போட்டது. தற்காலிகம் என்று வந்த சட்டம், நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பாக அரை நூற்றாண்டு ஓடியது. 'இது வாடகை அல்ல, லைசென்ஸ்தான்' என்று எழுதி வாங்கிக்கொண்டு தப்பிக்கப் பார்த்த வீட்டுக்காரர்களும் மாட்டிக்கொண்டார்கள். 1973 பிப்ரவரி 1 அன்று அப்படிக் குடியிருந்தவர்களும் வாடகைதாரர்களே என்று திருத்தம் வந்தது. வீடு பூட்டிக் கிடந்தாலும் பரவாயில்லை, வாடகைக்கு விடமாட்டேன் என்ற பிடிவாதம் பலருக்கு வந்ததில் வியப்பில்லை.

2000 மார்ச் 31 முதல் அமலில் உள்ள மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் நிலைமை வேறு. 'லீவ் அண்ட் லைசென்ஸ்' காலம் முடிந்தும் வீட்டைக் காலிசெய்யாதவரை வெளியேற்ற தனி அதிகாரி இருக்கிறார். கூடுதலாகத் தங்கும் நாட்களுக்கு இரட்டிப்புத் தொகை தரவேண்டும்.

ஆனால் தரகர் சொன்னது இது: "பதினோரு மாசம்தானே சார், ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதினா போதும்."

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். 1908ஆம் வருடப் பதிவுச் சட்டம், ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதியச் சொல்கிறது. அதனால் ஒரு மாதத்தைக் குறைத்தார்கள். நாடெங்கும் அதுவே வழக்கமாயிற்று. மகாராஷ்டிரத்தில் இந்தச் சாமர்த்தியம் எடுபடாது. எத்தனை மாதமானாலும் ஒப்பந்தத்தை எழுதிப் பதிய வேண்டும், அது வீட்டுக்காரரின் பொறுப்பு என்கிறது 1999 சட்டம். பதியாவிட்டால், என்ன நிபந்தனையில் வீடு விடப்பட்டது என்பதில் குடியிருப்பவர் சொல்வதே, மாறாக நிரூபிக்கப்படும்வரை, செல்லும். வீட்டுக்காரருக்கு அபராதமும் சிறையும்கூட உண்டு. அவர் தரகரை விட்டுவிட்டு வக்கீலிடம் போனார்.

அடுத்து கணக்கு. வீட்டின் விலை 60 லட்சம், வாடகை 15,000 என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 1,80,000 ரூபாய்; போட்ட பணத்துக்கு 3 சதவீதம். ஒரு ஆள் போய் மறு ஆள் வருவதற்குள் ஒரு மாத வாடகை போய்விடும். சொசைட்டிக்கு மாதாந்திரக் கட்டணம். சொந்தக்காரர் குடியிருக்காததற்காக, சேவைக் கட்டணத்தில் 10 சதவீதம் வரை தனி வசூல். வருமான வரியில், நகராட்சி வரி போக மிச்சமுள்ள வாடகையில் 30 சதவீதம் கழிவு கிடைக்கிறது. ஆனால் ரிப்பேர் செலவு எவ்வளவு ஆனாலும் கழிவு அவ்வளவுதான். கடன் வாங்கி இந்த வியாபாரத்தில் இறங்குகிறவர்கள், வாடகையிலேயே தவணை அடைந்துவிடும் என்று நம்புவது எதனால் என்று புரியவில்லை. வீட்டின் விலை ஏறும் என்பது வேறு கணக்கு. அது விற்கும்போதுதான் தெரியும்.

கடைசியில் ஒரு இளம் தம்பதி வந்தார்கள். ஒப்பந்தம் பதிவானது, காவல் நிலையத்துக்கும் தகவல் போனது. இரண்டாவது மாதமே குளியலறையில் கசிவு. பிளம்பர் கேட்ட தொகை ஒரு மாத வாடகையில் பாதி. அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அங்கிள், நீங்க பார்த்துக்குவீங்க இல்ல?" பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் பணம் கொடுத்துவிட்டு ரயிலேறினார். மாதுங்கா வரும்வரை, அந்தக் கூரையைச் செப்பனிட தன் வீட்டுக்காரருக்கு எத்தனை வருஷ வாடகை பிடிக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்.

மாதுங்கா வீட்டை அவர் காலிசெய்யவில்லை. வாடகையை உயர்த்தித் தருவதாகவும் இதுவரை சொல்லவில்லை. மழைக்கு முன் கூரைக்குத் தார் பூச, பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து பணம் வசூலிக்க ஆரம்பித்திருக்கிறார்.