ஐந்து இறுவட்டுகளும் ஒரு குரலும்

2005ஆம் ஆண்டில், எனது கணினியில் இருந்த கட்டுரைகள், ஒளிப்படங்கள், செவ்விகளின் ஒலிப்பதிவுகள் அனைத்தையும் சுருக்கி ஒரே கோப்பாக்கினேன். அது 3 கிகாபைட்டைத் தாண்டியது. இறுவட்டு ஒன்றின் கொள்ளளவோ 700 மெகாபைட். ஆகவே அதனை ஐந்து துண்டுகளாக வெட்டி, ஐந்து இறுவட்டுகளில் எழுதி, இலக்கமிட்டு அலுமாரியில் வைத்தேன். மூல ஒலிநாடாக்களை அடுத்தடுத்த செவ்விகளுக்குப் பயன்படுத்திவிட்டேன். நாடா வாங்கக் கணக்குப் பார்த்த காலம் அது.

2009இல் கணினியின் வன்தட்டு பழுதடைந்தது. இறுவட்டுகள் இருக்கின்றனவே என்று நான் கவலைப்படவில்லை.

சில ஆண்டுகளின் பின் கனடாவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்த கதையை எனக்குச் சொன்ன ஓர் ஆசிரியரின் மகன் அவர். தந்தையார் காலமாகிவிட்டார். "ஐயா, அப்பாவின்ரை குரல் உங்களிட்டை இருக்குமோ? பிள்ளையளுக்குக் கேட்பிக்க வேணும்" என்றார்.

மூன்றாவது இறுவட்டைக் கணினி வாசிக்க மறுத்தது. நான்காவதிலும் ஐந்தாவதிலும் ஒரு கீறல்கூட இல்லை. ஆயினும் அவை பயன்படவில்லை. அனைத்தையும் ஒரே தொடராகச் சுருக்கியிருந்தமையால், முன்னைய துண்டு இல்லாமல் பின்னையவற்றை விரிக்க முடியவில்லை. பிழை என்னுடையதே. வெட்டத் தெரிந்த எனக்கு, ஒரு துண்டு தொலைந்தால் என்ன ஆகும் என்று எண்ணத் தெரியவில்லை.

இன்று டூப்ளிகாட்டி என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். அது கோப்புகளைச் சிறு கட்டங்களாக நறுக்கி, அவற்றைப் பொதிகளாகக் கட்டி அனுப்புகிறது. பொதியின் இயல்பான அளவு 50 மெகாபைட். இதனை நாம் மாற்றலாம். 1 கிகாபைட் என வைத்தால், அனுப்பும்போது இணைப்பு அறுந்தால் அப்பொதி முழுவதையும் மீண்டும் அனுப்பவேண்டும். ஒரு சிறு கட்டுரையை மீட்கவும் அது அடங்கிய முழுப் பொதியையும் இறக்கவேண்டும். மிகச் சிறிதாக வைத்தால் பொதிகள் ஆயிரக்கணக்கில் பெருகும். எனது இணைப்புக்கு 50 போதுமானது.

கட்டத்தின் அளவோ வேறு விடயம். முதற் காப்புப்பிரதியை எடுத்தபின் அதனை மாற்ற முடியாது. மாற்ற விரும்பினால் புதிதாகத் தொடங்கவேண்டியதுதான். அதனால் முதல் நாளே யோசித்துத் தீர்மானியுங்கள்.

ஒரு பொதி கெட்டால், அதிலுள்ள கட்டங்களைச் சார்ந்த கோப்புகளே பாதிக்கப்படும்; ஏனையவை மீளும். ஆனால் ஒரே கட்டம் இரு தடவை சேமிக்கப்படுவதில்லை. இடம் மிச்சமாகும், அக்கட்டம் கெட்டாலோ, அதனை நம்பியிருக்கும் பழைய பிரதிகளும் புதிய பிரதிகளும் சேர்ந்தே கெடும். ஆகவே இன்னொரு வன்தட்டில் தனியாக ஒரு முழுப் பிரதி வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை, பழைய ஒலிப்பதிவு ஒன்றை மீட்டு, இறுதிவரை கேட்டுப் பார்க்கிறேன். 2005இல் நான் செய்யாதது அதுதான்.

அந்த மகனுக்கு, செவ்வி வெளிவந்த பத்திரிகை நறுக்கைப் படியெடுத்து அனுப்பினேன். "அப்பா கதைக்கிற மாதிரியே இருக்கு, ஐயா" என்று நன்றி சொன்னார். குரலைப்பற்றி அவர் மறுபடி கேட்கவில்லை.