ஒரு கோப்பைத் தேநீரும் ஒரு ஹாக்கி இரவும்



வழக்கமாக நான் வகுப்பறையில் நடத்திய பாடங்களைப் பற்றி எழுதுவேன். இன்று நான் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தைப் பற்றி எழுதுகிறேன். அது நடந்த இடம் ஆயர் குரோவில் உள்ள ஒரு மாமாக் கடை. நாள், 2023 ஆகஸ்டு 12, சனிக்கிழமை இரவு.

அன்று சென்னை எழும்பூரில் உள்ள மேயர் இராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் கிண்ண ஹாக்கி இறுதியாட்டம். மலேசியாவும் இந்தியாவும் மோதின. இப்போட்டியின் இறுதியாட்டத்தில் மலேசியா கால் வைத்தது அதுவே முதன்முறை. அங்கே இரவு எட்டரைக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு 11 மணிக்கு.

பெரிய திரை வைத்திருக்கும் ஒரு மதுக்கூடத்திற்கு என்னுடன் பணிபுரியும் நண்பர் அழைத்தார். அங்கே நான் தேநீரே குடித்தாலும், மறுநாள் தாமான் முழுவதும் "வாத்தியார் பாரில் இருந்தார்" என்றுதான் பேச்சு எழும். ஆகவே மாமாக் கடைக்கே போவோம் என்றேன்.

கடையில் நிற்கவும் இடமில்லை. மலாய்க்காரர், சீனர், தமிழர் என எல்லாரும் ஒரே திரையை நோக்கி நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தனர். அப்போது ஒரு மேசையிலிருந்து, "சார், இங்கே உட்காருங்க!" என்று குரல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். ஐந்தாம் ஆண்டில் படிக்கும் என் மாணவன் ஒருவனின் தந்தை அவர். அருகில் பையன் மஞ்சள் சட்டையோடு அமர்ந்திருந்தான். அடுத்து அவனுடைய தாத்தா.

எனக்குச் சற்றுக் கூச்சமாக இருந்தது. காரணம் உண்டு. அந்தத் தந்தை ஒருமுறைகூடப் பெற்றோர் சந்திப்புக்கு வந்ததில்லை. "பிள்ளையின் கல்வியில் அக்கறை இல்லாதவர்" என்று அவரைப் பற்றி நான் ஆசிரியர் அறையில் பேசியதும் உண்டு. அவரோ, நான் அமர்வதற்குள் எனக்கும் நண்பருக்கும் தே தாரிக் சொல்லிவிட்டார். தமக்குப் பாலும் சீனியும் இல்லாத 'தே ஓ கொசோங்'. நீரிழிவாம்.

ஆட்டம் தொடங்கியது. 9ஆம் நிமிடத்தில் இந்தியாவின் ஜுக்ராஜ் சிங் கோல் போட்டார். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த தம்பி மட்டும் ஒரு துள்ளுத் துள்ளி, உடனே வாயை மூடிக்கொண்டார். அவர் இராமநாதபுரத்திலிருந்து வேலைக்கு வந்தவர். பின்னர் மலேசியா மூன்று கோல்கள் போட்டது. இடைவேளையின்போது 3-1! மேசைகள் அதிர்ந்தன. முன்பின் அறியாத ஒரு மலாய்ப் பெரியவர் என் தோளைத் தட்டிச் சிரித்தார். குழுச் சுற்றில் இதே இந்தியாவிடம் 0-5 எனத் தோற்ற அணி அல்லவா!

அந்த ஓய்வு நேரத்தில்தான் பையன் என்னிடம் கேட்டான்.

"சார், ஆட்டம் நடப்பது சென்னையில். அங்கே இருப்பவர்களும் தமிழர். இந்தியக் குழுவில் கார்த்தி செல்வம் என்று அரியலூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். அப்படியானால் நாம் யாருக்குக் கைதட்ட வேண்டும்?"

நண்பர்களே, எனக்குச் சட்டென விடை வரவில்லை. பள்ளியில் நாமே கொடியேற்றி நாட்டுப்பண் பாடவைக்கிறோம். அடுத்த பாட வேளையில் நாமே தமிழகத்தின் பெருமை பேசுகிறோம். இரண்டும் ஒரே பிள்ளையின் நெஞ்சில்தான் இறங்குகின்றன என்பதை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

தாத்தாதான் பேசினார். 1975 மார்ச்சில் உலகக் கிண்ண ஹாக்கி கோலாலம்பூரில் நடந்தபோது அவருக்கு வயது 14. டுரியான் துங்கால் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் குடும்பம். ஸ்ரீ சண்முகநாதன் தலைமையிலான நம் அணி அரையிறுதியில் இந்தியாவைச் சந்தித்தது. வீட்டில் வானொலி. மலேசியா 2-1 என முன்னணி. முடிய ஒரு சில நிமிடங்களே இருந்தபோது, மாற்று ஆட்டக்காரராக இறங்கிய அஸ்லாம் ஷேர் கான் பெனால்டி கார்னரில் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் போட்ட கோலால் இந்தியா 3-2 என வென்றது. பிறகு பாகிஸ்தானையும் வீழ்த்திக் கிண்ணத்தை வென்றது. மலேசியாவுக்கு நான்காம் இடம். உலகக் கிண்ணத்தில் இன்றளவும் நமது சிறந்த நிலை அதுவே.

"எங்க அப்பா கப்பலில் வந்தவர். இந்தியா ஜெயித்ததும் கைதட்டினார். நான் மூலையில் உட்கார்ந்து அழுதேன். அவர் என்னைத் திட்டவில்லை. அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அவ்வளவுதான்" என்றார் தாத்தா.

மீண்டும் ஆட்டம். 45ஆம் நிமிடத்தில் பெனால்டி ஸ்ட்ரோக்கில் ஹர்மன்பிரீத் சிங் ஒரு கோல், அதே நிமிடத்தில் குர்ஜந்த் சிங் இன்னொரு கோல். 3-3. கடை ஊமையாயிற்று. 56ஆம் நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் அடித்தார். 4-3. இந்தியா வென்றது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதியில் ஷூட்-அவுட்டில் நாம் இந்தியாவை வென்றதைச் சொல்லித் தேற்ற முயன்றேன். பையன் கேட்பதாக இல்லை. கண்கள் நிறைந்துவிட்டன.

தேநீர் ஆற்றும் தம்பி தம் மகிழ்ச்சியைக் காட்டவும் முடியாமல், மறைக்கவும் முடியாமல் நின்றார். தாத்தா எழுந்து சென்று அவர் கையைப் பற்றிக் குலுக்கினார். "நல்லா விளையாடினாங்க தம்பி, வா, ஒரு தேத்தண்ணி என் கணக்கில் குடி" என்று அழைத்துவந்து எங்களோடு அமரவைத்தார். அவர் வரும்போது கையில் ஒரு மைலோ ஐஸ் இருந்தது. அதைப் பையன் முன் வைத்தார். "அடுத்த தடவை உங்க டீம்தான்" என்றார். பையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கட்டாயம், அண்ணே" என்றான்.

அவன் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்றே நினைக்கிறேன். தன் நாட்டிற்காக அழலாம். எதிரணிக்காரரின் கையையும் பிடிக்கலாம். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை.

எழுந்து வரும்போது அந்தத் தந்தை தயங்கியபடி சொன்னார்: "சார், மீட்டிங்குக்கு வராததற்கு மன்னிக்கணும். வாரநாள் இரவெல்லாம் ஜொகூருக்கு லோரி ஓட்டுறேன். காலையில்தான் வீடு வருவேன். இன்றைக்கு ஒருநாள்தான் மகனோடு உட்கார முடிந்தது."

தலை குனிந்தேன். அவருக்கு அக்கறை இல்லை என்று சொன்ன நான், அவருக்கு எப்போது ஓய்வு என்று ஒருமுறையாவது கேட்டதுண்டா?

திங்கட்கிழமை பள்ளி சென்றதும், அடுத்த பெற்றோர் சந்திப்பில் ஒரு பகுதியைச் சனிக்கிழமையில் வைக்கலாமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். ஒப்புக்கொண்டார். அச்சந்திப்புக்கு முதல் ஆளாக வந்தவர் அவர்தான். முதல் பத்து நிமிடம் நாங்கள் ஹாக்கி பற்றியே பேசினோம். பிறகுதான் கணிதப் பாடத்திற்கு வந்தோம்.

ஆசிரியர்களே, உங்கள் வகுப்பிலும் 'வராத பெற்றோர்' சிலர் இருப்பார்கள். அவர்களோடு ஒருநாள் ஒரு தேநீர் குடித்துப் பாருங்களேன்.