காய்ச்சலின் நாட்கணக்கு

மாரி தொடங்கிவிட்டால் நம் நாட்டு வீடுகளில் டெங்கு பற்றிய அச்சமும் தொடங்கிவிடுகின்றது. 2017 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 1,86,000 இற்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாயிற்று. ஆதலின், காய்ச்சல் கண்டதும் ஆய்வுகூடத்துக்கு ஓடுவோரை நாம் குறைகூற மாட்டோம். அங்கு கிடைக்கும் துண்டை வாசிக்கும் விதத்திலேதான் ஆபத்து இருக்கின்றது.

எமது மாணவன் ஒருவனின் தந்தை அத்தகைய துண்டொன்றுடன் ஒருநாள் வந்தார். “மாஸ்ரர், டெங்கு இல்லையெண்டு வந்திட்டுது” என்றார். காய்ச்சல் எத்தனையாம் நாள் என்று வினவினோம். இரண்டாம் நாளாம்! செய்திருந்ததோ பிறபொருளெதிரிப் பரிசோதனை.

வைரசு புகுந்த கணமே உடல் படை திரட்டிவிடுவதில்லை. ஐ.ஜீ.எம். என்னும் பிறபொருளெதிரி பெரும்பாலும் காய்ச்சலின் நான்காம் ஐந்தாம் நாளளவிலேயே பரிசோதனைக்கு அகப்படுகின்றது. அதனை இரண்டாம் நாளில் தேடுவது, விதைத்த மறுநாளே வயலிற் கதிர் தேடுவதை ஒக்கும். முதல் நாட்களில் தேடத்தக்கது என்.எஸ்.1 என்னும், வைரசின் சொந்தப் புரதமே. ஐ.ஜீ.ஜீ. யின் கதை வேறு. அது ஆண்டுக்கணக்காக இரத்தத்தில் தங்கி, என்றோ வந்துபோன டெங்குவுக்கும் இன்று சாட்சி சொல்லும். யப்பானிய மூளையழற்சிக்கென 1988 முதல் இங்கு ஏற்றப்பட்டுவரும் தடுப்பூசியுங்கூட, வைரசுகளின் உறவுமுறை காரணமாக, இப்பரிசோதனையை மயக்கக்கூடும்.

டெங்குவின் கொடிய கட்டம் காய்ச்சல் தணியும் வேளையிலேயே பெரும்பாலும் தொடங்குகின்றது. துண்டை நம்பியிருப்போர் நிம்மதி கொள்வதும் அவ்வேளையிலன்றோ! தந்தையாரை அன்றே வைத்தியரிடம் அனுப்பினோம். ஐந்தாம் நாட் பரிசோதனையில் டெங்கு உறுதியாயிற்று. பையன் வைத்தியசாலையில் இருந்து குணமடைந்தான்.

பின்னர் வகுப்பில் இதனை ஒரு கணக்காகவே செய்தோம். நோயுள்ளோரிலும் இல்லாதோரிலும் நூற்றுக்கு 95 பேருக்குச் சரியான விடை தரும் பரிசோதனை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஆயிரம் பேரில் 20 பேருக்கே நோய் உண்டெனில், அவர்களுள் 19 பேரை அது கண்டுபிடிக்கும். நோயற்ற 980 பேருள்ளும் 49 பேரை நோயாளர் என்றுவிடும்! ஆக, ‘உண்டு’ எனப்பட்ட 68 பேரில் 19 பேரே மெய்யான நோயாளர். அதே பரிசோதனையை, ஆயிரவரில் 500 பேருக்கு நோயுள்ள கூட்டத்திற் செய்தால், 475 மெய், 25 பொய். மாணவர் சிலர் நம்பாமல் மீண்டும் பெருக்கிப் பார்த்தனர். காய்ச்சலின் நாள், அயலில் நோய் பரவும் வேகம், நாள்தோறும் எண்ணும் குருதிச்சிறுதட்டுக்களின் தொகை என்பவற்றை வைத்தியர் ஏன் துண்டோடு சேர்த்துப் பார்க்கின்றார் என்பதை அதன்பின் நாம் விளக்க வேண்டியிருக்கவில்லை.