மாத்தளை லயத்து மதிலில் ஒரு செடி

கிளிநொச்சியில் விடியப்புறம் பஸ் ஏறினால், ஏ9 வீதியிலேயே மாத்தளைக்குப் போய்விடலாம். தம்புள்ளை கழிந்து நாவுலையைத் தாண்டக் காற்றுக் குளிரும். மிளகுக் கொடிகளும் கொக்கோ மரங்களும் வீதியோரம் வரத் தொடங்கும். என்னோடு வந்த அக்கா யன்னலோரம் பேசாமல் இருந்தா. 1977 கலவரத்தில், எட்டு வயதில், மாத்தளைத் தோட்டமொன்றிலிருந்து வன்னிக்குப் போனவ. 2009 இல் வன்னியிலும் எல்லாம் போயிற்று. பிறந்த இடத்தை ஒருக்கால் பார்க்க வேண்டும் என்பது அவவுடைய ஆசை.

19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியத் தொழிலாளர்கள் மன்னார்ப் பக்கம் வந்திறங்கி, காட்டு வழியே தம்புள்ளைக்கூடாக நடந்து வந்து சேர்ந்ததும் மாத்தளைக்குத்தான். வழியிலேயே இறந்தவர்கள் பலர்.

லயம் அப்படியே இருந்தது. ஆட்கள்தான் வேறு. அக்கா வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. பின்பக்கத்துக் கல்மதிலைத் தேடிப் போனா.

“இந்தா இருக்கு தங்கச்சி! புத்தகத்துக்குள்ள வச்சா குட்டி போடுற எல. காலையில கடிச்சா புளிக்கும், மத்தியானம் சப்புன்னு இருக்கும்.”

ரணகள்ளி. சிங்களத்தில் அக்கபான. எங்கள் ஊர்ச் செடி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இதன் தாயகம் இந்து சமுத்திரத்துக்கு அப்பால் உள்ள மடகஸ்கார் தீவு. தடித்த இலையில் நீரைச் சேமிப்பதால் மண்ணில்லாத கல்லிடுக்கிலும் பிழைக்கும். இலை விழுந்தால் அதன் பல் விளிம்பு ஒவ்வொன்றிலும் வேரும் குருத்தும் வரும். விதைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

புளிப்புக் கதையும் பொய்யில்லை. சென்னையில் கம்பனியில் வேலைசெய்த பெஞ்சமின் ஹெய்ன் இதே இலையை மென்று பார்த்து எழுதியது 1815 இல் லண்டனில் வெளியானது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறக்கும். இதுவோ நீர் ஆவியாகிப் போகாமல் பகலில் மூடி, இரவில் திறந்து கரியமிலவாயுவை வாங்கி அமிலமாக வைத்துக்கொள்ளும். வெயில் வந்ததும் அந்த அமிலத்தைக் கொண்டு உணவு தயாரிக்கும். அதனால்தான் காலையில் புளிக்கிறது, பகலில் புளிப்பில்லை. ஹெய்னை உலகம் குறித்து வைத்திருக்கிறது. லயத்துப் பிள்ளைகளிடம் யாரும் கேட்கவில்லை!

ஆடு மாடு வளர்க்கும் சகோதரிகள் ஒன்றைக் கவனியுங்கள். இச்செடியில், விசேடமாகப் பூவில், இருதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. அவுஸ்திரேலியாவில் இதைத் தின்று மாடுகள் செத்திருக்கின்றன. கல்லடைப்புக்கு என்று யாரும் சாறு தந்தாலும் வைத்தியரைக் கேளாமல் குடிக்க வேண்டாம்.

“ரெண்டாம் வகுப்புப் புத்தகத்துல ஒரு எல வச்சிருந்தேன்,” என்றா அக்கா. “ராத்திரியோட ராத்திரியா ஓடினோமே, எடுக்க முடியல.”

இரண்டு இலைகளைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கைப்பையில் வைத்தா. மூன்று கிழமை கழித்து அவவுடைய வளவுக்குப் போனேன். ஓர் இலை அழுகிவிட்டது. மற்றதில் ஐந்து குருத்துகள். ஆட்டுக்கு எட்டாதபடி கிணற்றுக் கட்டின்மேல் ஒரு பால்மா டின்னில் வைத்திருந்தா.